ஆருடைய ஒஸ்லோ

சர்வதேச சமூகத்துக்கும், ஐக்கிய நாடுகள் சபைக்கும், நோர்வே இராச்சியத்துக்கும், உலகெங்கும் பரந்து வாழும் எமது மக்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: காஸா தொடர்பாக வல்லரசுகள் முன்வைத்த சமாதானத் திட்டத்தை, மொன்றியல் மாநகரின் வில்லரே பகுதியில் ஜாரித் தெருவில் தெப்பனேர் நடத்திவரும் திரு. மார்க்கண்டு அவர்கள், நீண்ட பரிசீலனையின் பின்னர், நிபந்தனையுடன் வரவேற்றுள்ளார்.

நீண்ட பரிசீலனை என்றால் பால் லொறி வந்துபோனதுக்கும் லொத்தர் மெஷின் சூடேறினதுக்கும் இடைப்பட்ட நேரம். நிபந்தனை என்னவென்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் நிபந்தனை இல்லாமல் வரவேற்கிறது சின்ன ஆக்களின் வேலை என்பதில் அவருக்கு உறுதி இருந்தது.

மார்க்கண்டர் சின்ன ஆள் இல்லை. பாலும் பியரும் சிகரெட்டும் விற்கிற அந்த மூலைக்கடைக்குப் பின்னால், பியர்ப் பெட்டிகளுக்கு நடுவில், 'புலம்பெயர் சமாதான விவகாரங்களுக்கான வட அமெரிக்கப் பேரவை'யின் தலைமைச் செயலகம் இயங்கியது. தலைவர் அவர். செயலாளர் அல்பேட், மன்னார் ஆள், பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவர், ஞாயிறுகளில் மாதா கோயிலில் பாடுகிறவர். பொருளாளராய் இருந்த கிரி, ஜெனீவாத் தீர்மானமொன்றை 'வரவேற்பதா', 'கவனத்திற்கொள்வதா' என்ற பிரச்சினையில் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் பக்கத்துப் புறநகரான கர்க்லாண்டுக்குப் போய், அங்கே 'அனைத்துலகப் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். வட அமெரிக்கா அவருக்குப் போதாமற் போய்விட்டது.

பேரவை அறிக்கைகளுக்கு ஒரு நடை உண்டு. அதில் 'தமிழர்' என்ற சொல் வராது. 'எமது மக்கள்', 'எமது தாயகம்', 'எமது பிரதிநிதிகள்' என்றுதான் வரும். ஆர் எண்டு ஏன் சொல்லோணும், வாசிக்கிறது வீட்டு ஆக்கள்தானே. அப்படி எழுதி எழுதி மார்க்கண்டருக்கு வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "எமது மக்கள் புட்டோடு சம்பலையும் எதிர்பார்க்கிறார்கள்" என்று சொன்னதாக அவருடைய மனைவி கிளி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். கிளியை முழுக்க நம்பவும் ஏலாது.

இவ்வளவு இருந்தும் மார்க்கண்டரை உலகத்தில் ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. அதுதான் அவருடைய நோய். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோது, ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் தொண்டை அடைக்கக் கத்திக்கொண்டு நின்றார். ஒரு கமரா அவரை நோக்கி வந்தது. அவர் சால்வையைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கியை நீட்டின பெடியன் கேட்டான், இந்தத் தெரு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று. அன்றைக்குத் தொண்டையில் வந்து நின்றது இன்னும் இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் கடவுள் அவருக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பாலஸ்தீனரைக் கொண்டுவந்து வைத்தார்.

பஸ்ஸாம் முடி வெட்டுகிறவன். சொந்த ஊர் கான் யூனிஸ். நல்ல மனிசன், அதை மார்க்கண்டரே ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளும்போது பல்லுக்கடியில் கல் நெரிபடுகிற மாதிரி ஒரு முகம் வரும். வோஷிங்டனிலோ கெய்ரோவிலோ தோகாவிலோ ஆராவது ஒரு திட்டத்தை மேசையில் வைத்தால் போதும், மத்தியானத்துக்கு முன் ஒரு தொலைக்காட்சி வான் பஸ்ஸாமின் கடை வாசலில் நிற்கும். மரி-ஏவ் என்றொரு இளம் செய்தியாளர் இறங்குவாள். மார்க்கண்டர் தன் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்ப்பார்.

பஸ்ஸாமின் கடையில் முடியே இல்லாத மூன்று பேர் நாள்முழுக்க இருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், ரமல்லாவில் இருக்கிற அதிகாரசபையின் ஆள். அடுத்தவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர், காஸாவில் இருக்கிற மற்றப் பக்கத்தின் ஆள். மூன்றாமவர் பழைய இடதுசாரி. அவருடைய கட்சி மூன்றாய் உடைந்ததில் எந்தத் துண்டில் அவர் நிற்கிறார் என்பது அந்தத் துண்டுக்கே தெரியாது. மூவரும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகக் கதைப்பதில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். கமரா வந்ததும் வாத்தியார் திட்டத்தை வரவேற்பார். ஓட்டுக்காரர், பொறுப்புணர்வோடு ஆராய்வதாகவும் சில பகுதிகளுக்கு விளக்கம் தேவையென்றும் சொல்லுவார். இடதுசாரி முற்றாக நிராகரிப்பார். ஒருமுறை திட்டம் வெளிவர ஒரு கிழமை முந்தியே நிராகரித்துவிட்டார். கடைசியில் பஸ்ஸாம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ இரண்டு வசனம் சொல்லுவான். மரி-ஏவ் தலையைச் சரித்து, துக்கமாய்க் கேட்பாள்.

கமராக்காரன் தெப்பனேருக்கும் வருவான். தண்ணிப் போத்தல் வாங்க.

"அவங்களுக்குப் பார், அமெரிக்கா, கட்டார், எகிப்து, துருக்கி, பிரான்ஸ்," என்று மார்க்கண்டர் ஒருநாள் விரல் மடக்கினார். "எங்களுக்கு ஒரேயொரு நோர்வே. அவங்களுக்கு ஒரு திட்டம் பிடிக்காட்டி அடுத்தது. நிராகரிக்கிறதுக்கும் கையில ஒண்டு வேணுமே, கிளி. எங்களிட்ட நிராகரிக்க என்ன கிடக்கு?"

கிளி லொத்தர்ச் சீட்டுகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, அந்த மனிசனின்ர அக்கா அங்க கூடாரத்தில கிடக்கிறா. உங்களுக்கு அவரில எரிச்சலோ?"

"எரிச்சல் இல்லை. ஒப்பீடு."

"செத்தவீட்டுக்குப் போய், எங்கட செத்தவீட்டுக்கு இவ்வளவு சனம் வரேல்லையே எண்டு நிண்டு எண்ணுறது ஒப்பீடோ? கூடாரம் எண்டா என்னெண்டு உங்களுக்குச் சொல்லித் தரோணுமோ?"

மார்க்கண்டர் மிச்சச் சீட்டுகளைத் தானே கம்பியில் மாட்டினார். ஆனால் அடுத்தமுறை வான் வந்தபோதும் கண்ணாடிக்கருகேதான் நின்றார்.

பனி கொட்டின ஒரு மாரி நாளில் பஸ்ஸாம் லைட்டர் வாங்க வந்தான். மூத்த பிள்ளையின் பேரைச் சேர்த்து 'அபு அனோ' என்றுதான் அவன் மார்க்கண்டரைக் கூப்பிடுவான். மகள் அனோஜினியின் தகப்பன் என்று அர்த்தம். இருவரும் பேசுவது அரைவாசி பிரெஞ்சு, கால்வாசி ஆங்கிலம், மிச்சம் கை.

"அபு அனோ, உங்களுக்கும் சண்டை நடந்தது, இல்லையா? சமாதானம் பேச ஆர் வந்தார்கள்?"

மார்க்கண்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் ஒருத்தன் கேட்டுவிட்டான். "நோர்வே," என்றார், பெரிய இடத்துச் சம்பந்தத்தைச் சொல்வதுபோல. "ஒஸ்லோவில வைச்சுப் பேசினது."

பஸ்ஸாம் சிரித்தான். சிரித்துச் சிரித்துப் பியர்ப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். "உங்களிடமும் வந்தார்களா? எங்களோடு முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்."

அவர்களுடைய ஒஸ்லோ தொண்ணூற்று மூன்று, தங்களுடையது இரண்டாயிரத்து இரண்டு என்பது சமாதான விவகாரத் தலைவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மனைவிக்கு முன்னமே ஒரு கலியாணம் நடந்ததென்று தெரிந்திருப்பது வேறு, அந்த முதல் புருஷன் வந்து உங்கள் பியர்ப் பெட்டியில் குந்திக்கொண்டு சிரிப்பது வேறு. எமது மக்கள் இரண்டாம் தாரம். அன்று முழுக்க மார்க்கண்டர் மீதிக் காசைப் பிழைபிழையாய்க் கொடுத்தார்.

இனி இந்த இலையுதிர் காலத்துக்கு வருவோம். புதிய திட்டம் வந்தது. வானும் வந்தது. ஆனால் பஸ்ஸாமின் கதவில் பிரெஞ்சில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: 'இன்று முடி மட்டும் வெட்டப்படும். கருத்து இல்லை.' அக்காவின் தொலைபேசி நாலைந்து நாளாய் வேலைசெய்யவில்லை. ஆரையும் உள்ளே விட அவனுக்கு மனமில்லை. மூன்று பிரதிநிதிகளையும்கூட வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மரி-ஏவ் நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஐந்து மணிச் செய்திக்கு அவளுக்கு ஒரு மனிசன் வேணும். தெப்பனேரின் கதவு மணி கிலுங்கியது.

"போன்ஜூர். நீங்களும் அங்கேயிருந்து வந்தவரா, ஐயா? இந்தச் சமாதானத் திட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து?"

'அங்கே' என்ற சொல் மார்க்கண்டரின் காதில் விழுந்ததோ இல்லையோ, 'உங்கள் கருத்து' விழுந்தது. அவருடைய கை தானாகவே சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டியது.

"ஓம்... யெஸ். நாங்களும் பாதிக்கப்பட்ட மக்கள். எமது மக்கள் இத்திட்டத்தை நிபந்தனையுடன் வரவேற்கிறார்கள்," என்றார் பேரவை ஆங்கிலத்தில்.

"என்ன நிபந்தனை?"

இதுவரை அந்தக் கேள்வி வந்ததில்லை. கமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. குளிர்பெட்டி உறுமியது. அறிக்கை நடை அத்தோடு அவரைக் கைவிட்டது. இருந்த உடைந்த ஆங்கிலத்தில், கிளியோடு கதைக்கிற மாதிரிக் கதைக்கத் தொடங்கினார். தமிழில் போட்டால் அது இப்படி வரும்:

"தங்கச்சி, எமது மக்களை ஒஸ்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. நல்ல மரியாதை. மீன் தந்தவை, மேசையில பூ வைச்சவை, கை குடுங்கோ எண்டு படம் எடுத்தவை. முதல்ல இடைக்காலம், பேந்து மிச்சம் எண்டு சொன்னவை. நாங்கள் இடைக்காலத்திலயே நிண்டம். நிக்க நிக்கக் காணி போச்சுது. யுத்தநிறுத்த மீறலை எண்ண ஆக்கள் வந்தவை. வடிவா எண்ணினவை. எண்ணி முடிய வீட்டை போயிட்டினம். செத்த ஆக்களை நாங்கள்தான் எண்ணினது. அதால நிபந்தனை ஒண்டுதான். சமாதானம் கொண்டு வாறவை, திரும்பிப் போகேக்க சொல்லிப்போட்டுப் போகோணும். சொல்லாமல் போகக்கூடாது."

மரி-ஏவ் அடுத்த கேள்வியைக் கேட்காமலே ஒலிவாங்கியை இறக்கினாள். கமராக்காரன் முதல்முறையாகத் தண்ணிப் போத்தலை மறந்துவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்குக் கல்லாவுக்கு மேலே இருந்த தொலைக்காட்சியில் மார்க்கண்டர் வந்தார். முழு ஒரு நிமிஷம், வெட்டில்லாமல். பின்னால் சிப்ஸ் பக்கெட்டுகள் கொடிகள்போல் தொங்கின. கிளி வாயில் கை வைத்துப் பார்த்தாள். வேலையால் வந்த அனோஜினி பார்த்தாள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

"அப்பா, கீழ என்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு பார்த்தனீங்களோ?"

"என்ன? பேரவைத் தலைவர் எண்டு போடேல்லையோ?"

"மார்க் கண்டு. பாலஸ்தீன வணிகர்."

மார்க்கண்டர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு தொலைபேசி அடித்தது. அல்பேட்.

"அண்ணை, பார்த்தன். நீங்கள் எப்ப நாடு மாறினனீங்கள்?"

"மாறேல்லையடா. நான் எமது மக்கள் எண்டுதான் சொன்னனான்."

"அதுதானே பிழை. எங்கட அறிக்கையை நம்மாள் வாசிச்சா எங்களைத் தெரியும். பொம்பிளைப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும், எந்த எமது எண்டு?" அல்பேட் குரலை இறக்கினார். "ஆனா நல்லாக் கதைச்சனீங்கள். செயலாளரையும் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம்." அந்தக் கடைசி வசனத்தில் இருந்த புளிப்பு மார்க்கண்டருக்குத் தேனாய் இனித்தது. தன்னைப் பார்த்து ஒருத்தன் பொறாமைப்படுகிற சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே கர்க்லாண்டிலிருந்து கிரியின் அனைத்துலகப் பேரவை அறிக்கை விட்டது: 'மேற்படி நபரின் கருத்து எமது மக்களின் கருத்தல்ல.' அந்தப் பேரவை தொடங்கின நாள்முதல் தொலைக்காட்சி சொன்னதோடு ஒத்துப்போன ஒரே அறிக்கை அது.

மறுநாள் காலை மூன்று பிரதிநிதிகளும் தெப்பனேருக்குள் வந்தார்கள். கண்ணாடி இல்லாததால் சிகரெட் அலுமாரியைப் பார்த்துப் பேசினார்கள். வாத்தியார் மார்க்கண்டரின் பேச்சை வரவேற்றார். ஓட்டுக்காரர் அதைப் பொறுப்புணர்வோடு ஆராய்ந்ததாகவும், விளக்கம் தேவைப்படவில்லை என்றும் சொன்னார். இடதுசாரிக் கிழவர் மார்க்கண்டரின் கையைப் பிடித்து, முற்றாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மற்ற இருவரும் பயந்துபோய் அவரைப் பார்த்தார்கள்.

"எந்த ஊர்?" என்று கிழவர் கேட்டார்.

பொய் சொல்ல மார்க்கண்டருக்கு மனமில்லை. "திருகோணமலை."

கிழவர் யோசித்தார். "ஹைஃபாவுக்கு அங்காலையா?"

"அங்காலைதான். கடல் பக்கம்."

"கடல் பக்கத்து ஆக்கள் அப்படித்தான் கதைப்பார்கள்," என்று கிழவர் தலையாட்டினார். மூவரும் ஒரே கதவால், ஒன்றாக வெளியே போனார்கள்.

மத்தியானம் பஸ்ஸாம் வந்தான். கத்தரிக்கோல் இன்னும் மேற்சட்டைப் பையில் இருந்தது. பியர்ப் பெட்டியில் உட்காரவில்லை.

"எத்தனை வருஷமாய் அந்தக் கமராவுக்குக் கதைக்கிறேன் தெரியுமா, அபு அனோ? ஒவ்வொரு முறையும் வெட்டி வெட்டி எட்டு செக்கன் போடுவார்கள். நான் அழுதால் பத்து. உனக்கு ஒரு முழு நிமிஷம்."

"நான் கேட்டனானே? அவள்தான் வந்தவள்."

"என்னுடைய ஒஸ்லோவை எடுத்துச் சொல்லியிருக்கிறாய்."

"உன்ர ஒஸ்லோவோ? அது என்ர ஒஸ்லோ. மீன் தின்னது எங்கட ஆக்கள்."

"எங்கள் ஆட்களும்தான் தின்றார்கள்."

"இடைக்காலம் எண்டு சொன்னது எங்களுக்கு."

"எங்களுக்குத்தான் முதலில் சொன்னது. உங்களுக்குப் பழைய தாளில் பேரை மட்டும் மாற்றினார்கள்."

கிளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள், ஆர் கூடுதலாய் ஏமாந்தது என்று சண்டைபிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கட்டத்தில் பஸ்ஸாம், "உனக்கென்ன தெரியும்? உன் அக்காவா கூடாரத்தில்?" என்றான்.

"இருந்தவ," என்றார் மார்க்கண்டர். "முல்லைத்தீவில. கடற்கரை மணலில, தறப்பாளுக்குக் கீழ."

"இப்போது?"

மார்க்கண்டர் சுவிங்கம் பெட்டியிலிருந்த பக்கெட்டுகளை ஒரு பக்கமாய்த் திருப்பி அடுக்கினார். அடுக்கி முடிந்ததும் திரும்பவும் கலைத்தார்.

பஸ்ஸாம் கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்துக் கல்லா மேசையில் வைத்தான். பிறகு பெட்டியில் உட்கார்ந்தான். "அப்படியென்றால் தொலைக்காட்சிக்காரருக்குச் சொல்லு. அது உன் அக்கா. என் பேரில் போகவேண்டாம். எனக்கு வேண்டிய அளவு இருக்கிறது."

அதற்குப் பிறகுதான் மார்க்கண்டருக்கு உண்மையான எரிவு தொடங்கியது. இவ்வளவு காலமும் தொண்டையில் கிடந்தது ஒரு நிமிஷத்தில் வெளியே வந்து, நேரே பக்கத்து வீட்டுக் கணக்கில் போய் விழுந்துவிட்டது. அவர்களுக்கு அமெரிக்கா இருக்கிறது, கட்டார் இருக்கிறது, இப்போது மார்க்கண்டுவும் இருக்கிறார். 'செத்த ஆக்கள்' என்று சொன்னபோது அவர் நினைத்த, தறப்பாளுக்குக் கீழே புதைத்த அக்காவின் கதையும் அவர்களுடைய கதையாய்ப் போய்விட்டது. இரண்டு நாள் அவர் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாய் இருந்தார். திருத்தம் கேட்டால் அந்த ஒரு நிமிஷம் போய்விடுமோ என்றும் பயம். கடைசியில் கிளிதான் சொன்னாள், "கேளுங்கோ. இல்லாட்டி உங்கட அக்காவின்ர கதையை நாளைக்கு ஆரும் சொன்னா, பாலஸ்தீனத்திலயோ எண்டு கேப்பினம்."

அனோஜினி தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மார்க்கண்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் நல்ல பிரெஞ்சில் சொன்னாள். அப்பா தமிழர். இலங்கையிலிருந்து வந்தவர். அவர் சொன்ன ஒஸ்லோ எங்களுடைய ஒஸ்லோ. எமது மக்கள் என்றால் தமிழ் மக்கள். 'தமிழ்' என்பதை எழுத்து எழுத்தாய்ச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் இருந்த ஆள் மிகவும் மரியாதையானவர். நடந்ததுக்கு மனம் வருந்தினார். உடனே திருத்துவோம், இன்றைக்கே, என்றார். மெர்சி என்றார்.

"கேட்டனியோ," என்றார் மார்க்கண்டர் கிளியிடம். "இண்டைக்கே."

ஐந்து மணிக்குத் தெப்பனேரில் நிற்க இடமில்லை. அல்பேட் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார், பேரவையின் கறுப்புக் கோட்டில். பஸ்ஸாம் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். அக்காவிடமிருந்து அன்று காலைதான் ஒரு சொல் வந்திருந்தது, முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. மூன்று பிரதிநிதிகளும் வந்தார்கள். கடல் பக்கத்து ஆள் தங்கள் கடல் பக்கம் இல்லை என்பதை வாத்தியார் கவனத்திற்கொண்டார். கிழவர் அதை நிராகரித்தார். மார்க்கண்டர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தபடி நின்றார்.

செய்தி முடிந்தது, காலநிலை முடிந்தது, ஒன்றும் வரவில்லை. அனோஜினி நிலையத்தின் இணையப் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்தாள். பேட்டி இருந்த இடத்தில் பேட்டி இல்லை. சம்பந்தமில்லாத ஆளென்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வரி இருந்தது.

"வாசி பிள்ளை," என்றார் மார்க்கண்டர். "தமிழில சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அனோஜினி இரண்டுமுறை தனக்குள் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "எமது முன்னைய செய்தியொன்றில் பாலஸ்தீனர் எனக் குறிப்பிடப்பட்ட கடைக்காரர் பாலஸ்தீனர் அல்லர். அவர் ஓர் இந்தியர்."